ஒற்றை வாசல் நகரம்

மொழிபெயர்ப்புக்கென்று நீங்கள் கூட்டிவந்திருக்கும் அஸ்வினி தமிழ்நாட்டுப் பிள்ளை. நான் குளிசை என்று சொன்னால் அவர் மாத்திரை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். திறப்பு என்றால் சாவி. குசினி என்றால் சமையலறை. இந்த மூன்றும் விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் ஆங்கிலத்தில்தான் வேலை செய்கிறேன். ஆனால் என் தங்கையைப் பற்றி நான் ஒருநாளும் ஆங்கிலத்தில் யோசித்ததில்லை. அதனால்தான் தமிழில் சொல்லக் கேட்டேன்.

என் பெயர் லோஜனா. வயது முப்பத்தாறு. மாசி என்ற பகுதியில், பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்று நிமிட நடையில், இரண்டு அறையுள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் எனக்கு வேலை. வயதானவர்களுக்கு ஒரு கிழமைக்குரிய, ஏழு நாளுக்குமான குளிசைகளைக் காலை, மதியம், பின்னேரம், படுக்கப் போகும் நேரம் என்று பிரித்து, சின்னச் சின்னக் குழிகளில் இட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு குழியிலும் பிழை விட்டதில்லை. நீங்கள் கடையில் விசாரித்திருப்பீர்கள். அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பிரணவி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அப்பா நோயில் போய்விட்டார். 2009இல் நாங்கள் மூன்று பேர், அம்மாவும் நானும் அவளும், முள்ளிவாய்க்கால் மணலில் தோண்டிய ஒரு பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், இருந்தோம். அம்மாவின் கூறைச்சீலையை வெட்டி, பைகளாகத் தைத்து, மண் நிரப்பி விளிம்பில் அடுக்கியிருந்தோம். அந்தப் பங்கருக்கு ஒரே வழி. அந்த வழியில் நான் முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தேன். பதினொரு நாள். அம்மா தண்ணீருக்கென்று வெளியே போனார், திரும்பி வரவில்லை. நானும் பிரணவியும் உயிரோடு வெளியே வந்தோம். நான் அந்த இடத்தை விட்டு எழும்பாததால் வந்தோம்.

நாலு வருடம் கழித்து அம்மாவின் தம்பி தியாகலிங்கம் மாமா எங்களை இங்கே எடுப்பித்தார். அவர் விரி என்ற இடத்தில், சாமான் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை செய்கிறார், வீடு சான்ட்ரிங்ஹாமில். அப்போது பிரணவிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன், நான்தான் கூட்டிவருவேன். பெற்றோர் கூட்டத்துக்கு நான் போவேன். கலியாணம் பேசி வந்தவர்களிடம் பிறகு பார்ப்போம் என்றேன். இதையெல்லாம் தியாகம் என்று மாமா நாலு பேரிடம் சொல்வார். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஒரு வேலை இருந்தது, செய்தேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் எடுத்தாள். சீன மொழியும் படித்தாள். ஏன் சீனம் என்று கேட்டேன். அந்த எழுத்து பார்க்க வடிவாக இருக்கிறது என்றாள். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. இது ஒரு ஊர்."

வானத்திலிருந்து எடுத்த படம். மண்ணிறத்தில் ஒரு பெரிய வெளி, அதில் நகத்தால் கீறியதுபோல் ஒரு சதுரம்.

"ஆரின்ர ஊர்?"

"சியன்பெய் எண்டு ஒரு சனம். குதிரையோட திரிஞ்ச ஆக்கள். அவையின்ர ஒரு கிளை கிழக்கில இருந்து பிரிஞ்சு வந்து, சிங்ஹாய் ஏரிக்கு மேற்கால இந்தத் தலைநகரைக் கட்டினவை. ஆயிரத்து ஐந்நூறு வரியத்துக்குக் கிட்ட வரும். ஃபூசி எண்டு பேர். இப்ப மண்மதில் மட்டும்தான் மிச்சம். நாலு பக்கமும் மதில், ஒரே ஒரு வாசல்."

"கெட்டிக்காரர்" என்றேன்.

"ஏன் அக்கா?"

"ஒரு வாசல் எண்டால் காவலுக்கு ஒரு ஆளே காணும்."

அவள் சிரித்தாள். "ஆனா அவை அதுக்குள்ள பெரிசா இருக்கேல்லை. சீனாக்காரர் எழுதி வச்சிருக்கினம். மதில் வச்ச ஊர் இருந்தும், வெளியில கூடாரத்திலதான் இருந்தவையாம். கட்டிப்போட்டு ஏன் உள்ள இருக்கேல்லை? அதுதான் என்ர கேள்வி."

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சாப்பிடும்போதும் அதே கதை. அந்தக் கிளை பிரிந்த கதையையும் சொன்னாள். அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிதான் தலைவன். மேய்ச்சலில் இருவரின் குதிரைகளும் கடித்துச் சண்டைபோட, தம்பி கோபத்தில் வார்த்தை விட்டான். அண்ணன் தன் சனத்தைக் கூட்டிக்கொண்டு மேற்கே வெளிக்கிட்டான். தம்பிக்கு மனம் கேட்கவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். குதிரைகளைக் கிழக்கே திருப்பி ஓட்டுங்கள், அவை போனால் நானும் வருகிறேன் என்று அண்ணன் சொன்னான். குதிரைகள் சில நூறு அடி போய், மலை சரிவதுபோல் கனைத்து, திரும்பவும் மேற்கே பார்த்து ஓடினவாம். எத்தனை தரம் திருப்பினாலும் அதேதான். தம்பி சாகும்வரை அண்ணனை நினைத்து அழுதான் என்று சொன்னபோது அவளுடைய கண் கலங்கியது.

நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குதிரையளைக் காலில கட்டியிருக்க வேணும்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை, சான்ட்ரிங்ஹாம் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, என்னை எடுத்திட்டினம்."

"எதுக்கு?"

"அந்த ஊருக்கு. மதிலை அளக்கப் போற குழுவில நானும் ஒரு ஆள். ரெண்டு வரியம். ஏப்ரல்ல வெளிக்கிட வேணும்."

கடைக்குள் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி என்னைக் கட்டிப்பிடித்தாள். நல்லது என்றேன். இன்னும் மூன்று முருங்கைக்காய் எடுத்துப் பையில் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். அங்கே குளிர் எவ்வளவு, காற்று எப்படி, ஏரியில் உப்பு எவ்வளவு. என்னை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்தேன். சின்னப்பிள்ளைத்தனமான வேலை. தொலைந்துவிட்டது என்று அவள் புதிதாக விண்ணப்பித்தாள், இரண்டு கிழமைக்குள் கூரியரில் வந்துவிட்டது. அப்போதுதான் விளங்கியது. காகிதத்தைத் தடுத்துப் பயனில்லை. ஆள் போகமுடியாமல் இருக்க வேண்டும்.

எங்கள் கடைக்கு, இறந்துபோனவர்களின் வீட்டார் மிச்சக் குளிசைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். அழிப்பதற்கென்று ஒரு வாளியில் கொட்டி வைப்போம். யாருக்கும் வேண்டாத குளிசைகள். களவு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், எழுதுங்கள். அந்தச் சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் எடுத்தது சர்க்கரை வருத்தக்காரர் ஒருவர் விட்டுப்போன குளிசை. பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. சர்க்கரை வருத்தம் இல்லாதவர் போட்டால் இரத்தத்தில் சீனி இறங்கும். நடுக்கம் வரும், வேர்க்கும், மயக்கம் வரும். உடனே சீனித் தண்ணீர் கொடுத்தால் தெளிவு வரும். அதன் அளவு எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் குசினித் தரையில் விழுந்தாள். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கரண்டி கரண்டியாகச் சீனித் தண்ணீர் பருக்கினேன். கண்ணைத் திறந்ததும் முதலில் அம்மா என்றாள். பிறகு அக்கா என்றாள். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்படி என் மடியில் கிடந்தாள். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அன்று நான் சந்தோசமாக இருந்தேன்.

அடுத்த மாதம் மூன்று தரம் விழுந்தாள். டாக்டர்மார் எத்தனையோ சோதனை செய்தார்கள். கணையத்தில் கட்டி இருக்கலாம் என்று ஸ்கான் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. காரணம் தெரியாமல் பயணம் போக முடியாது என்றார்கள். ஏப்ரல் வந்தது, குழு அவளில்லாமல் போனது. அடுத்த ஏப்ரல்வரை அவளுடைய இடத்தை வைத்திருப்பதாக எழுதினார்கள். அவள் அந்தக் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்துவிட்டு, மடிக்கணினியை மூடி, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாள்.

கார் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு அவள் பஸ்ஸில் போகவும் பயந்தாள். ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது முன்கதவு திறந்து கிடக்க, அவள் வாசற்படியில் சுருண்டு கிடந்தாள். "நான் இல்லாத நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு போகட்டோ பிள்ளை?" என்று கேட்டேன். ஓம் என்றாள். அவளே சம்மதித்தாள். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். பின்பக்கம் கண்ணாடி இழுவைக் கதவு. அதன் தண்டவாளத்தில் ஒரு மரத்தடியை வைத்து, நகராமல் திருகாணி பூட்டினேன். ஜன்னல்கள் நாலு விரலுக்கு மேல் திறக்காது, வீட்டுக்காரர் முன்னமே அப்படித்தான் பூட்டி வைத்திருந்தார். முன்கதவின் திறப்பு என்னிடம். விழுந்தால் பார்ப்பதற்கென்று ஒரு கமெரா. கடையின் பின்னறையில் குளிசைகளைப் பிரித்தபடி அவளைப் போனில் பார்ப்பேன். மேசைக் கதிரையில் இருந்தபடி அந்தச் சதுரத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிலநேரம் எழும்பி ஜன்னலுக்குப் போய், அந்த நாலு விரல் இடைவெளியில் முகத்தை வைத்து நிற்பாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு வேலியும் குப்பை வாளிகளும்தான். ஆனாலும் நிற்பாள்.

நானும் அடைபட்டுத்தான் இருந்தேன். யாரும் அதைக் கேட்பதில்லை. வேலை நேரத்தைக் குறைத்தேன். கோயிலுக்குப் போகவில்லை. ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் வந்து என் தலையைத் தடவி, "உன்ர அம்மாகூட இப்பிடிப் பாத்திருக்கமாட்டா" என்பார். சனம் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

ரஷ்மி என்ற பிள்ளையை உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர்க்காரி, பிரணவியோடு படித்தவள். அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், புதுப்படங்கள் அச்சடித்துக் கொண்டுவருவாள். அவள் வந்துபோனால் பிரணவி இரண்டு நாளைக்கு ஒருவிதமாக இருப்பாள், சாப்பாட்டில் மனம் போகாது. அதனால் ரஷ்மி வரும் நேரங்களில் பிரணவி நித்திரை என்று சொல்லத் தொடங்கினேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

போன நவம்பரில் எனக்குப் பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிரணவி மாமா வீட்டில் நின்றாள். அந்த ஐந்து நாளும் அவள் விழவில்லை. தனியாக பஸ் ஏறி நகரத்துக்குப் போயிருக்கிறாள். கடையில் தோசை சாப்பிட்டிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய கன்னத்தில் நிறம் இருந்தது.

அவளுடைய படிப்பு என்னவென்று நான் சரியாக யோசித்திருக்கவில்லை. ஒரே இடத்தை வேறு வேறு காலத்தில் எடுத்த படங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்து, எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்பது. மண்ணுக்குள் கிடக்கிற மதிலை அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். அவள் விழுந்த நாட்களை ஒரு தாளில் எழுதி, என் வேலை நாட்களை அதற்கு மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். குழுவிடமிருந்து கடிதம் வந்த நாட்களையும் குறித்திருக்கிறாள், மூன்றும் பொருந்தியிருக்கின்றன. பிறகு மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மாமா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, அவளுக்கு வருத்தம் மூளைக்கும் ஏறிட்டுதோ தெரியேல்லை. நீ சாப்பாட்டில என்னமோ குடுக்கிறாய் எண்டு கதைக்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் மாமா?"

"விசர்க்கதை கதையாதை, அக்கா உனக்காகக் கலியாணமும் கட்டேல்லை எண்டு பேசி அனுப்பினன். நீ ஒண்டும் மனசில வச்சுக்கொள்ளாதை."

வைத்துக்கொள்ளவில்லை. குளிசையை நிறுத்தினேன், கதவையும் பூட்டாமல் விட்டேன். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் அவள் ஒருதரமும் விழவில்லை. நான் கெட்டவளாக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? ஆனால் நிறுத்தியதன் பலன் என்ன என்று பாருங்கள். அவள் டாக்டரிடம் கடிதம் வாங்கினாள். குழுவுக்கு எழுதினாள். ஏப்ரலில் வரச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டை ரஷ்மியிடம் கொடுத்து வைத்தாள். தன் சாப்பாட்டைத் தானே சமைத்தாள். என் பானையிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுக்கமாட்டாள்.

மார்ச்சில் ஒரு பின்னேரம், அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, நான் பங்கரைப் பற்றிச் சொன்னேன். நான் அந்த வழியில் குந்தியிருக்காவிட்டால் நீ இன்றைக்குச் சீனாவுக்குப் போக இருக்கமாட்டாய் என்றேன். அவள் தண்ணீரை நிற்பாட்டினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு அக்கா."

"எட்டு வயசு உனக்கு."

"நீங்கள் என்ர வாயைப் பொத்தினீங்கள். மூச்சு எடுக்க ஏலாமக் கிடந்தது. அம்மா வெளியில கிடந்து கூப்பிட்டவா. உங்கட பேரைச் சொல்லி. கனநேரம். நான் போகப் பாத்தன், நீங்கள் விடேல்லை. நீங்களும் போகேல்லை."

அவள் சொன்னது பிழையில்லை. அம்மா தண்ணீர்ப் பானையோடு பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் கிடந்தார். நானும் கேட்டேன். நான் வெளியே போயிருந்தால் பங்கரின் வாயில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள், பிள்ளை பின்னால் ஓடிவந்திருக்கும். இருபது வயதில் எடுத்த முடிவு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை அக்கா" என்றாள். "ஆனா நான் அதுக்குள்ள இருந்து வெளியில வரவேணும். நீங்களும் வாங்கோவன்."

என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் வெளியே வந்து பதினாறு வருடமாகிறது.

இனி ஏப்ரல் பதினாறாம் திகதி. புதன்கிழமை. பின்னேர விமானம், மதியம் இரண்டு மணிக்கு ரஷ்மி காரோடு வருவாள். பிரணவியின் பெட்டி காலையிலேயே முன்கதவடியில் நின்றது. நான் லீவு போட்டிருந்தேன். புட்டு அவித்து, மீன்குழம்பு வைத்தேன். ஒரு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"வெளிக்கிட முதல் ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ."

அவள் கதிரையில் இருக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ அக்கா."

நான் குழம்பை விட்டுப் பிசைந்து, அந்தக் கோப்பையிலிருந்து நாலு வாய் சாப்பிட்டேன். அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்குகிறேனா என்று. விழுங்கினேன். அவளுடைய முகம் உடைந்தது. கீழே குந்தி என் மடியில் தலையை வைத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் என்னென்னவோ நினைச்சிட்டன். நான் பாவி அக்கா."

"சரி, சரி. சாப்பிடு."

"நீங்களே உங்கட கையால தீத்திவிடுங்கோ."

தீத்திவிட்டேன். கோப்பையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரத்தத்தில் சீனி ஏறட்டும் என்று அங்கே எடுத்து வைத்திருந்த தோடம்பழச் சாற்றைப் போத்தலோடு குடித்தேன். எனக்கு லேசான நடுக்கம் மட்டும்தான் வந்தது. நான் சாப்பிட்டது நாலு வாய்.

இதுதான் என் திட்டம். அவள் மயங்குவாள். விமானம் போய்விடும். நான் சீனித் தண்ணீர் கொடுப்பேன், அவள் எழும்புவாள். ஒவ்வொரு தரமும் அப்படித்தான் நடந்தது. குசினியில் சீனியைக் கரைத்து, கரண்டியும் போட்டு, மூடி வைத்திருந்தேன். அவள் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று நேற்று நீங்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். சாகவேண்டும் என்று நினைக்கிற ஆள் சீனி கரைத்து வைப்பாரா?

ஒன்றரைக்கு அவளுக்குத் தலை பாரமாக இருந்தது. ஐந்து நிமிடம் படுக்கிறேன், ரஷ்மி வந்தால் எழுப்புங்கோ என்று அறைக்குப் போனாள். இரண்டுக்குக் கதவு தட்டுப்பட்டது.

நான் கதவைப் பாதி திறந்து, இடைவெளியில் நின்றேன்.

"என்னக்கா, ரெடியா? அவ எங்கே?" என்றாள் ரஷ்மி.

"அவள் போகேல்லை. மனசை மாத்திட்டாள்."

"அப்படியா? காலைலகூட எனக்கு மெசேஜ் பண்ணினாளே. சரி, அவளே வந்து சொல்லட்டும். ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன்."

"நித்திரை."

அவள் என் தோளுக்கு மேலால் பெட்டியைப் பார்த்தாள். போனை எடுத்து அழைத்தாள். அறைக்குள் பிரணவியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் வழி விடுங்க. நான் பார்த்துட்டு வந்துடறேன்."

"எழுப்பினால் வருத்தம் கூடும். டாக்டர் சொன்னவர்."

நான் கத்தவில்லை, அவளைத் தள்ளவில்லை. கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ரஷ்மி காருக்குப் போய் மாமாவுக்கு எடுத்தாள். லோஜனாவுக்குத் தெரியும், நீ அந்தரப்படாதை பிள்ளை என்று மாமா சொல்லியிருக்கிறார். அவள் திரும்பி வந்தாள். நான் அதே இடத்தில்தான் நின்றேன். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள்.

அந்த நேரம் அறையிலிருந்து சத்தம் வந்தது. கட்டில் சுவரில் இடிக்கிற சத்தம். விட்டு விட்டு, பிறகு விடாமல். ரஷ்மிக்கும் கேட்டது. "அது என்ன சத்தம்?" என்றாள். பக்கத்து வீடு என்றேன்.

சீனித் தண்ணீர் எனக்குப் பின்னால், எட்டு அடி தூரத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் நான் வாசலை விட வேண்டும். விட்டால் ரஷ்மி உள்ளே வருவாள். வந்தால் பிரணவியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கதவைச் சாத்தப் பார்த்தேன், அவள் தன் காலை இடையில் வைத்திருந்தாள். நான் எல்லாப் பக்கத்தாலும் யோசித்துப் பார்த்தேன். வேறு வழி இருக்கவில்லை. சத்தம் கொஞ்சநேரத்தில் நின்றுவிட்டது. நான் நின்றேன்.

ரஷ்மி தட்டியதிலிருந்து அவள் கூப்பிட்ட அம்புலன்ஸ் வரும்வரை ஐம்பத்திரண்டு நிமிடம் என்று அவளுடைய போனை வைத்து நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நேரமாகத் தெரியவில்லை. நான் பதினொரு நாள் இருந்தவள்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் சரி. குளிசையை எடுத்தது நான். முதல் விழுகையிலிருந்து கடைசி விழுகைவரை கொடுத்தது நான். அவள் உள்ளே துடிக்கிறாள் என்று தெரிந்துதான் வாசலில் நின்றேன். இதில் மாமாவுக்கோ வேறு ஒருவருக்கோ பங்கில்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டினால் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். நேற்று மாமா வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார். பிரணவி ஒன்பதாம் நாள் கண் விழித்தாளாம். நடக்க ஒருவர் பிடிக்க வேண்டுமாம். சீனமும் ஆங்கிலமும் போய்விட்டன. தமிழில் சின்னப்பிள்ளை மாதிரி இரண்டொரு சொல் வருகிறதாம். தலைமாட்டில் ரஷ்மி ஒட்டி வைத்த அந்த ஊரின் படத்தைக் காட்டினால், யாருடைய வீடு என்று கேட்கிறாளாம். இனிச் சாகும்வரை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர்மார் சொல்கிறார்கள். அதற்கு வெளியாட்களைத் தேடுகிறார்களாம். அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நான் இருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தாதிமார் அறைக் கதவைச் சாத்தினால் அவள் வீறிட்டுக் கத்துகிறாளாம், திறந்து வைக்கும்வரை நிற்பாட்டுவதில்லையாம். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை என்று மாமா சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை என்னைத் தேடுகிறாள்.